கடைக்காரர் காலண்டரில் எதைப் பார்க்கிறார்? ஆர்டர் பிடிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை, அதாவது மாதிரிகளின் தொகுப்பை, வெளியிடுவார்கள். அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் எங்களுக்கு ஓய்வு கிடையாது. ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவோம். 22 ஆண்டுகளாக மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வட்டாரத்தில் நான் இதைச் செய்துவருகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடைக்காரர் காலண்டரைத் தனக்காக வாங்குவதில்லை, தன் கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வாங்குகிறார். குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் அதைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன்.

கடைக்காரர் உண்மையில் எதற்குப் பணம் கொடுக்கிறார்?

ஒரு வீட்டுச் சுவரில் இருக்கும் ஆணிக்கு.

என் அக்கா வீட்டைச் சொல்கிறேன். ஒரு ஜனவரியில் அங்கே ஐந்து காலண்டர் வந்திருந்தன. நகைக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை, சீட்டு நிறுவனம், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரே ஓர் ஆணி. அதில் மளிகைக்கடை தினசரிக் காலண்டர் தொங்கியது. ஐந்தில் அதுதான் விலை குறைவு. "கண்ணாடி போடாமலே தேதி தெரியுதுடா, ராகு காலம் கொட்டை எழுத்துல இருக்கு" என்றாள் அக்கா. தங்க ஃபாயில் மின்னும் நகைக்கடை மகாலட்சுமி பூஜை அறைக்குப் போய்விட்டாள். அதுவும் நல்ல இடம்தான், ஆனால் அங்கே தினமும் யாரும் தாள் கிழிப்பதில்லை. மற்ற மூன்றும் சுருட்டின வாக்கிலேயே பீரோ மேல் கிடந்தன.

பீரோ மேல் கிடந்த மூன்றுக்கும் மூன்று முதலாளிகள் பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்த மூவரும் அடுத்த ஆடியில் என்னைப் போன்ற ஒருவரிடம் "போன வருஷம் போட்டோம், ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அப்படியிருக்க, எல்லோரும் ஏன் முதலில் விலையைக் கேட்கிறார்கள்?

ஆல்பத்தைப் புரட்டும்போது அவரால் சட்டென்று ஒப்பிட முடிந்தது விலை ஒன்றுதான். தாளின் தடிமன், அட்டையின் உறுதி, சொன்ன தேதிக்குச் சரக்கு வருமா என்பதெல்லாம் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் விலை கேட்பவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றதையும் அவர் கண்ணுக்குத் தெரியவைத்தால் பேச்சு தானாக மாறும்.

நான் ஆல்பத்தோடு இரண்டு பழைய காலண்டரையும் கொண்டுபோவேன். இரண்டும் ஒரு வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கினவை. ஒன்றில் அட்டை வளைந்து, தாள் கட்டைப் பிடித்திருந்த கம்பிப் பின் துருவேறி இருக்கும். மற்றது நேராக நிற்கும். இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு விலை வித்தியாசத்தைச் சொல்வேன். அண்ணாச்சிமார்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், நகத்தால் பின்னை நெம்பிப் பார்ப்பார்கள். அதற்குமேல் நான் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

"40 ரூபாய் காலண்டர், 365 நாளைக்கு வகுத்தால் நாளுக்கு 11 பைசா" என்று கணக்குச் சொல்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் 500 காலண்டருக்கு 20,000 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்கிறவருக்கு 11 பைசா ஆறுதல் தராது. நான் அதைச் சொல்வதை விட்டு ரொம்ப நாளாகிறது.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று நேராகவே கேட்டுவிட்டால் என்ன?

கேளுங்கள். "நல்லா பளிச்சுனு இருக்கணும், விலை கம்மியா இருக்கணும்" என்பார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நடந்ததைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். நான் முதலில் கேட்பது, "போன வருஷம் எத்தனை மிச்சம் ஆச்சு?" இந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் வந்துவிடும். ஒரு துணிக்கடைக்காரர் பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் பரண் கதவைத் திறந்து காட்டினார். கட்டுப் பிரிக்காத காலண்டர் நூற்றுக்கும் மேலே. ஏன் என்று பேசிப் பார்த்தபோது, சரக்கு பொங்கலுக்கு முதல் நாள்தான் வந்திருக்கிறது. அதற்குள் ஊரில் எல்லோர் வீட்டு ஆணியிலும் வேறு கடைக் காலண்டர் ஏறிவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது மலிவான காலண்டரோ அழகான காலண்டரோ இல்லை. டிசம்பர் 20-க்குள் கைக்கு வருகிற காலண்டர்.

அடுத்து, "யார் யார் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாங்க?" கேட்டு வாங்குகிறவர்கள்தான் அதைச் சுவரில் மாட்டுகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களா, வயதானவர்களா, கொத்தனார்களா, டிரைவர்களா என்று தெரிந்தால் எந்த மாதிரி காலண்டர் என்பது தானாகவே முடிவாகிவிடும். "யாருக்காவது இல்லைன்னு சொல்ல வேண்டி வந்துச்சா?" என்றும் கேட்பேன். இந்தக் கேள்விக்கு முகம் மாறும். பத்து வருஷமாகக் கணக்கு வைத்து வாங்கும் வீட்டுக்காரர் ஜனவரி 3-ஆம் தேதி வந்து நிற்க, "தீந்துபோச்சுண்ணே" என்று சொல்வது ஒரு மளிகைக்கடைக்காரருக்கு எவ்வளவு சங்கடம் என்று நம்மால் முழுசாக உணர முடியாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான், ஜனவரி முதல் வாரத்தில் 50 காலண்டர் வரைக்கும் அதே விலைக்குக் கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே விட்டுப்போகாமல் இருக்கும் கடைகள் எனக்கு உண்டு.

தொழிலுக்குத் தொழில் எதிர்பார்ப்பு மாறுமா?

ரொம்பவே மாறும். ஒரே ஆல்பத்தை ஒரே மாதிரி எல்லோர் முன்னாலும் விரிக்கிறவர்கள் பாதி ஆர்டரை இதில்தான் விடுகிறார்கள்.

ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர் மேஸ்திரி, பெயின்டர், பிளம்பர். தினசரித் தாள் அவருக்குப் பெரிதில்லை. கட்டம் கட்டமாக இருக்கும் பெரிய மாதக் காலண்டர் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்று பேனாவால் குறிப்பார். பால் கணக்கு எழுதும் வீடுகளும் அப்படித்தான். "2" என்று எழுதிச் சுழித்திருப்பார்கள், வராத நாளுக்குப் பெருக்கல் குறி. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் அதே கட்டத்தில்தான் ஏறும். எழுத இடம் விடாமல் படத்தையும் விளம்பரத்தையும் அடைத்த மாதக் காலண்டர், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இவர்களுக்கு உதவாது. பேனா மை நிற்காத வழுவழுத் தாளும் உதவாது. ஹார்டுவேர் கடைக்காரரிடம் மாதிரித் தாளையும் ஒரு பந்துமுனைப் பேனாவையும் கொடுத்து, எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை கேட்பது போன் நம்பர் தெளிவாகத் தெரிவது. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சுவரைப் பார்த்து டயல் செய்ய வேண்டும். நகைக்கடைக்குக் கௌரவம். போட்டிக் கடையின் காலண்டரைவிட ஒரு விரல்கடை சின்னதாக இருந்தாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது. நிதி நிறுவனங்கள் டைரியையும் சேர்த்தே கேட்கும். டீக்கடை, சலூன்காரர்கள் பத்து இருபது காலண்டர்தான் வாங்குவார்கள், ஆனால் பெயரை அச்சில் பார்க்கும் சந்தோஷம் அவர்களுக்குத்தான் அதிகம். சின்ன ஆர்டர் என்று அலட்சியம் செய்யாதீர்கள்.

படம் தேர்ந்தெடுப்பதில் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்?

படம் வருஷம் முடிந்த பிறகும் வாழும். கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் அச்சான காலண்டர்களை, தேதி போன பின்னும் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் தென்மாவட்டங்களில் ஏராளம். சட்டம் போடும்போது கீழே இருந்த கடைப் பெயரை வெட்டி எடுத்திருப்பார்கள். ஆனாலும் "இது இன்ன கடையில கொடுத்தது" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்த நினைவு கடைக்காரர்களுக்கும் இருக்கிறது. அதனால்தான் சாமி படத்தில் முகம் சரியாக அமைந்திருக்கிறதா என்று உற்றுப் பார்க்கிறார்கள்.

எல்லா மதத்தாரும் வரும் கடை என்றால் இயற்கைக் காட்சி, குழந்தை, திருவள்ளுவர், காமராஜர், அப்துல் கலாம் என்று போகும். சாமி படத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வருஷம் முடிந்ததும் குப்பையில் போட மனசு வராது, கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைப்பார்கள். இதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளும் வாடிக்கையாளர் யாரையாவது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எதிர்க் கடைக்குக் கொடுத்த அதே படத்தை இவருக்குக் கொடுக்காதீர்கள். ஆல்பத்தில் எந்த எண், எந்தத் தெருவில், யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இந்தத் தெருவில இந்தப் படம் வேற யாருக்கும் போகாது அண்ணாச்சி" என்று சொல்ல முடிந்தால், அது பல பேருக்கு விலையைவிடப் பெரிது.

கடைப் பெயரைப் பெரிசாகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

இந்த இடத்தில்தான் வாங்குகிறவரின் ஆசையும் மாட்டுகிறவரின் ஆசையும் மோதும். முதலாளிக்குப் பெயர், மகன்கள் பெயர், மூன்று கிளை, ஆறு நம்பர், கிடைக்கும் பொருட்களின் பட்டியல் எல்லாம் வேண்டும். வீட்டுக்காரருக்கு விளம்பரப் பலகை மாதிரி இருக்கும் காலண்டரை மாட்டப் பிடிக்காது.

நான் இரண்டு ப்ரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரி அச்சு, எடுத்துப்போவேன். ஒன்று அவர் சொன்னபடி, ஒன்று பெயரும் ஊரும் ஒரு நம்பரும் மட்டும். இரண்டையும் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு ஆறடி தள்ளி நின்று பார்க்கச் சொல்வேன். ஆறடி தூரத்தில் பொருட்களின் பட்டியல் எறும்பு வரிசையாகத் தெரியும். பத்துக்கு ஏழு பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்கள். மீதி மூன்று பேர் முதலாவதைத்தான் கேட்பார்கள். அது அவர்கள் காசு, அவர்கள் கடை. அப்படியே செய்துகொடுங்கள்.

தேதித் தாளில் இருக்கும் பஞ்சாங்க விவரத்தைக் கடைக்காரர் பார்ப்பாரா?

வாங்கும்போது பார்க்க மாட்டார். தப்பு இருந்தால் வருஷம் முழுக்க அவர்தான் பதில் சொல்வார். 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சொன்னார்கள். திருநள்ளாறு கோயிலோ வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. அந்த வாரம் என் கடைக்காரர்களில் நாலைந்து பேர் போன் செய்தார்கள். "நம்ம காலண்டர்ல எது போட்டிருக்கு? கடைக்கு வர்றவங்க கேட்கிறாங்க." உடனே பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் மானம் தப்பியது.

ஆகவே உங்கள் அச்சகம் எந்தப் பஞ்சாங்கத்தை வைத்துத் தாள் அடிக்கிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள், அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம், சந்திராஷ்டமம் இவைதான் வீட்டில் தேடப்படுபவை. திங்கட்கிழமைத் தாள் ஒன்றை எடுத்து ராகு காலம் 7.30–9.00 என்று இருக்கிறதா, அதை மூன்றடி தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

டெலிவரி தேதிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

முதலில் வந்த காலண்டருக்குத்தான் ஆணி. மேலே சொன்ன துணிக்கடைப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசியில் அச்சுத் தொழில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிப்பதில் தொடங்கி வளர்ந்தது. மழை குறைவான வறண்ட பூமி என்பது அதற்கு வாய்ப்பாக இருந்தது. ஆனால் காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் அங்கேயும் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈரக் காற்றில் அச்சு காய நேரம் பிடிக்கும், அட்டை வளையும். நடுவில் தீபாவளி விடுமுறை வேறு. கடைசியில் எல்லோருடைய சரக்கும் ஒரே வாரத்தில் லாரி புக்கிங்குக்கு வந்து நிற்கும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சாக்காகச் சொல்லாமல், ஆர்டர் எடுக்கும்போதே காரணமாகச் சொல்லுங்கள். "ஆவணிக்குள்ள அச்சடிக்க வேண்டிய மேட்டர் கொடுத்தா கார்த்திகை கடைசியில சரக்கு. ஐப்பசியில கொடுத்தா எனக்கே உறுதி சொல்ல முடியாது." இப்படி உடைத்துச் சொன்னதால் நான் ஆர்டரை இழந்தது மிகக் குறைவு. வாய்க்கு வந்த தேதியைச் சொல்லி இழந்த கடைகள் அதைவிட அதிகம், அவை திரும்ப வரவும் இல்லை.

அச்சில் தப்பு வந்துவிட்டால்?

எனக்கு வந்தது. ஒரு ஹார்டுவேர் கடைக்கு 1,000 காலண்டர். போன் நம்பரில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. ப்ரூஃபில் முதலாளியும் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. யார் தப்பு என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. சரியான நம்பரைச் சின்ன ஸ்டிக்கராக அடித்து, நானும் என் தம்பியும் அந்தக் கடை மாடியில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி ஒட்டினோம். செலவு என்னுடையது. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, இரண்டாம் நாள் ராத்திரி புரோட்டா வாங்கிக் கொடுத்தார். இன்று வரைக்கும் அவர் வேறு யாரிடமும் காலண்டர் போட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ப்ரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் நம்பரை என் போனிலிருந்து டயல் செய்வேன். முதலாளியின் மேஜையில் இருக்கும் போன் அடித்தால்தான் கையெழுத்து வாங்குவேன். ஒவ்வொரு நம்பருக்கும் இப்படித்தான்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

2021 அக்டோபர் 1 முதல் காலண்டருக்கான வரி 12-லிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. 20,000 ரூபாய் ஆர்டருக்கு 3,600 ரூபாய் வரி. வரியைச் சேர்த்த மொத்தத் தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பில் வரும்போது அதிர்ச்சி கூடாது. "இந்த வரியை நான் வரவு எடுத்துக்கலாமா?" என்று விவரமானவர்கள் கேட்பார்கள். இலவசமாகக் கொடுத்துவிடும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. ஆர்டர் ஆசையில் "எடுக்கலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிடாதீர்கள். அவருடைய ஆடிட்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கடையில் யாரிடம் பேசுவது?

கல்லாவில் இருப்பவரிடம். ஆனால் அவர் மட்டும் முடிவெடுப்பதில்லை. படத்தை வீட்டு அம்மா பார்ப்பார், மகன் க்யூஆர் கோடு வேண்டும் என்பார், எத்தனை காலண்டர் என்பதைக் கணக்குப்பிள்ளை சொல்வார். மிச்சம் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தவர், கட்டுகளைப் பரணில் ஏற்றிய கடைப் பையன். அவனிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

மஞ்சப்பை, வாட்ஸ்அப் என்று வந்த பிறகு காலண்டர் எதற்கு என்கிறார்களே?

நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு பெயர் அச்சடித்த துணிப்பைக்கு நல்ல கிராக்கி. காய்கறிக் கடைக்கும் துணிக்கடைக்கும் பைதான் பொருத்தம் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் தள்ளுபடிச் செய்தி அன்றைக்கு ஆளை வரவழைக்கும், மறுநாள் மறந்துவிடும்.

2020-ஐச் சொல்கிறேன். கொரோனாவால் ஆர்டர் விழுந்த வருஷம். அந்தச் செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம், அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் காலண்டர், டைரி அச்சிட வேண்டாம் என்று உத்தரவும் போட்டது. தொழில் முடிந்தது என்றே நினைத்தோம். ஆனால் ஜனவரியில் எங்கள் பக்கத்து மளிகைக்கடைகளில், "பேங்க்ல இந்த வருஷம் தரலைங்க, உங்ககிட்ட ஒண்ணு கிடைக்குமா?" என்று ஆட்கள் வந்து நின்றார்கள். கேட்டு வருகிறவர்கள் இருக்கும் வரைக்கும் கொடுக்கிறவருக்கும் அது தேவைப்படும். உங்கள் கடைக்காரரிடம் யாரும் கேட்டே வருவதில்லை என்றால், அவருக்குக் காலண்டரை விற்காதீர்கள்.

சரக்கு கொடுத்துப் பணம் வாங்கியதும் வேலை முடிந்ததா?

ஆனி மாதம் ஒரு தடவை போங்கள். விற்க வேண்டாம், ஆல்பமும் இன்னும் வந்திருக்காது. பாதி வருஷம் கிழித்தபின் தாள் கட்டு ஆடுகிறதா, அட்டை வளைந்திருக்கிறதா என்று அந்தக் கடைச் சுவரிலேயே பாருங்கள். டீ குடித்துக்கொண்டே, அவருக்கு வேண்டிய வீடுகளில் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். "எங்க மச்சினி வீட்டுல எண் சின்னதா இருக்குன்னு சொன்னா" என்று ஒருவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்து, ஆடி முடிந்து ஆல்பத்தோடு போனபோது பெரிய எண் போட்ட தாளை முதலில் எடுத்து நீட்டினேன். அவர் விலை கேட்கவில்லை. "மச்சினிக்கு ஒண்ணு தனியா எடுத்து வைங்க" என்றார்.